எதோடும் இணைக்காத பெடல்

லிஃப்ட்காரர் குடியிருக்கும் நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் முப்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகளை இருபத்தாறு வருடமாகப் பழுதுபார்க்கும் மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் மூச்சு வாங்க வாங்கப் படியேறித்தான் போகிறார். அக்கம்பக்கத்தார் இதைச் சொல்லிச் சிரித்தால் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவார். தொழில் விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் கைபட்ட லிஃப்டில் விளிம்பு வரை நிரப்பிய காபியோடு ஏறினால் எட்டாவது மாடியில் அதே விளிம்போடு இறங்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவரிடம் வேகம் ஒரே சீராக நிற்காத ஒரு படகு வந்து சேர்ந்தது.

வந்த வழியைச் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி பல் மருத்துவமனையில் நர்ஸ். கட்டடத்தில் எல்லோருக்கும் நர்ஸம்மா. ஊசி போடுவதற்கு முன் “கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்” என்று அவர் சொல்லும் குரலுக்காகவே பல் பிடுங்க வருகிறவர்கள் உண்டு. போன வருடம் மருத்துவமனை ஊழியர்களை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நர்ஸம்மாவின் இரண்டு கால்களையும் ஒரு பலகையில் வைத்துக் கட்டி, கையில் கயிற்றைக் கொடுத்து, படகில் இழுத்தார்கள். வேக்போர்டு என்று பெயர். நாற்பத்தாறு வயதில் நர்ஸம்மா தண்ணீர்மேல் நாலு விநாடி நின்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஏங்க, நாம ஒரு படகு வாங்கணும்” என்றார்.

வாங்கினார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வைத்திருந்து ஓட்டித் தேய்த்த சின்ன மோட்டார் படகு. லிஃப்ட்காரர் ஓட்டினார், நர்ஸம்மா பின்னால் பதினெட்டு மீட்டர் கயிற்றில் தொங்கினார். நாலு விநாடி நாலு நிமிடமாயிற்று. ஆறு மாதத்தில் நர்ஸம்மாவுக்கு அடுத்த ஆசை பிறந்தது. படகு போகும்போது பின்னால் இரண்டு பக்கமும் அலை எழும்புமே, அதில் ஒன்றின் முதுகிலிருந்து எம்பி, மற்றதைத் தாண்டி இறங்க வேண்டும். அதற்கு நல்ல உயரமான அலை வேண்டும். படகின் பின்பக்கம் கனமாக இருந்தால்தான் அலை உயரும். வேகமும் முப்பது கிலோமீட்டரில் அறைந்த ஆணிபோல நிற்க வேண்டும்.

கனத்துக்குப் பஞ்சமில்லை. மச்சான் இருந்தார்.

மச்சான் நர்ஸம்மாவின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். நூற்றுப் பன்னிரண்டு கிலோ. ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டியிருப்பதால், கயிற்றில் வருகிறவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் படகில் இருந்தே ஆக வேண்டும் என்பது ஏரியின் சட்டம். பின்பக்கம் பார்த்த இருக்கையில் மச்சானை உட்காரவைத்தால் கண்ணுக்குக் கண்ணும் ஆயிற்று, பாரத்துக்குப் பாரமும் ஆயிற்று. செலவு ஒரு பாக்கெட் பிஸ்கட்.

ஆனாலும் நர்ஸம்மா விழுந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுந்தார். அலையை நோக்கிப் பாய்ந்து வருவார், எம்புவார், எம்புகிற அந்த நொடியில் படகு பொசுக்கென்று தளரும், கயிறு தொய்யும், முகம் முதலில் தண்ணீருக்குப் போகும். பதினெட்டாவது தடவை மூக்கு வழியாக ஏரியில் ஒரு பங்கைக் குடித்துவிட்டுப் படகில் ஏறியவர், துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே ஊசி போடும் குரலில் சொன்னார்.

“ஏங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இது இப்படி விட்டு விட்டு இழுத்துச்சுன்னா, நான் கறுப்புக் கண்ணாடி படகுல போய்க்கிறேன்.”

கறுப்புக் கண்ணாடி என்பது, அதை எப்போதும் கழற்றாத ஏரி கிளப் படகோட்டி. அவன் படகில் வேகத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். அதனால் ஒரு கைக்கு வேலையில்லாமல் போய், அந்தக் கையால் தலைமுடியை ஒதுக்கியபடியே ஓட்டுவான். தண்ணீரிலிருந்து ஏறும் பெண்களுக்கு நீட்டுவதும் அதே கைதான்.

“அவன்கிட்ட கம்ப்யூட்டர் இருக்கு” என்றார் லிஃப்ட்காரர்.

“என்கிட்ட நீங்க இருக்கீங்க. அதனாலதான் ஒரு வாரம் தர்றேன்.”

“பாப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு மாப்பிள்ளை” என்று தங்கைக்குப் பரிந்து பிஸ்கட்டைக் கடித்தார் மச்சான்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில், அந்த நாலு விநாடியைத் தவிர, நர்ஸம்மாவை வேறு எவனும் எங்கேயும் இழுத்துக்கொண்டு போனதில்லை. லிஃப்ட்காரர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே படகிடம் போனார். வேகம் கூட்டும் கைப்பிடி அதிர்வில் தானாகப் பின்னால் நழுவுவதைக் கண்டுபிடித்து, அடியிலிருந்த திருகை முறுக்கினார். செவ்வாய்க்கிழமை புரொப்பல்லரை மாற்றினார். பழையது ஒரு சுற்றுக்கு அதிக தூரம் தள்ளும் ரகம். எட்டி எட்டி அடி வைத்து நடப்பவனைப்போல, பாரம் கூடினால் தடுமாறும். புதியது சின்ன அடியாக வைத்தாலும் விடாமல் வைக்கும். புதன்கிழமை வேகமானியைப் பிரித்தார். தண்ணீரின் அழுத்தத்தை வைத்து வேகம் சொல்லும் மெல்லிய குழாயில் பாசி அடைத்திருந்தது. இத்தனை நாள் அந்த முள் குத்துமதிப்பாகத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுத் தன் ஃபோனை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டினார். ஃபோன் வேகத்தைக் காட்டியதோடு, அந்த வேகம் ஏறி இறங்குவதை ஒரு கோடாகவும் வரைந்து வைத்தது. மச்சானை மட்டும் ஏற்றிக்கொண்டு இரண்டு சுற்று வந்தார். அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேர்கோடு. மச்சான் தூங்கிப்போயிருந்தார்.

வியாழக்கிழமை நர்ஸம்மாவைக் கயிற்றில் விட்டு ஓட்டினார். நர்ஸம்மா ஐந்து தடவை பாய்ந்தார், ஐந்து தடவை விழுந்தார். ஃபோனில் நேர்கோடு ஐந்து இடங்களில் முதலில் ஒரு மேடு ஏறி, உடனே ஒரு பள்ளத்தில் விழுந்திருந்தது.

லிஃப்ட்காரர் யோசித்தார். மச்சான் மட்டும் இருந்தால் நேர்கோடு. மனைவி வந்தால் மேடு பள்ளம். கணக்கில் தப்பே இல்லை. கணக்கில் தப்பில்லாத ஆண்கள் எல்லோரும் செய்யும் காரியத்தைச் செய்தார்; வாயைத் திறந்தார்.

“படகு சரியாத்தான் இருக்கு. உன் இழுப்புதான் ஜாஸ்தி.”

“என்னோட இழுப்பா?”

“எடையைச் சொல்லலை. இழுப்பைச் சொல்றேன்.”

“ஓ” என்றார் நர்ஸம்மா. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே சொல்லும் அதுவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை, கடைசி முயற்சியாக, மோட்டார் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பார்க்க லிஃப்ட்காரர் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து ஃபோனுக்குக் கீழே ஒட்டினார். லிஃப்ட் தண்டவாளம் பொருத்தும்போது வைத்துப் பார்க்கும், குழாய்க்குள் குமிழி நகர்ந்து சாய்வைக் காட்டும் அதே ரசமட்டம். நர்ஸம்மா தண்ணீரில் இறங்கினார். படகு முப்பதைத் தொட்டது. மூக்கு சற்றுத் தூக்கியிருந்ததால் குமிழி முன்பக்கம் நின்றது. அசையவில்லை.

“வர்றா மாப்பிள்ளை, வர்றா” என்று காதருகில் மச்சானின் குரல் கேட்டது.

குமிழி பின்னால் நகர்ந்தது. வேகம் முப்பத்தொன்று. “எம்பிட்டா” என்ற குரலோடு பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். குமிழி விருட்டென்று முன்னால் ஓடியது. வேகம் இருபத்தெட்டு. நர்ஸம்மா தண்ணீரில்.

லிஃப்ட்காரர் குமிழியைப் பார்த்தார். பிறகு, இத்தனை மாதத்தில் முதன்முறையாக, பின்னிருக்கையில் இருக்க வேண்டிய குரல் காதருகில் எப்படிக் கேட்கிறது என்று யோசித்தார்.

விஷயம் இதுதான். தங்கை அலையை நெருங்கும்போதெல்லாம் மச்சான் எழுந்து மூன்றடி முன்னால் வந்து மாப்பிள்ளையிடம் சேதி சொல்வார். பின்பாரம் முன்னால் வர, படகு மட்டமாகி வேகம் பிடிக்கும். தங்கை எம்பியதும் ஓடிப்போய்த் தொப்பென்று உட்கார்வார். பின்பக்கம் அமுங்கிப் படகு தளரும். லிஃப்டில் பத்துப் பேர் ஏறி மூலைக்கு மூலை இடம் மாறினாலும் அது பாட்டுக்கு நேராக ஏறும். எவ்வளவு பாரம் என்று மட்டும்தான் கேட்கும். எங்கே நிற்கிறாய் என்று கேட்காது. இருபத்தாறு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியவருக்கு, பாரம் நடந்துபோகும் என்பது மூளையில் ஏறவே இல்லை.

“மச்சான், நீங்க உக்காந்துக்கிட்டே சொல்லலாமே” என்றார் மெதுவாக.

“உக்காந்துதான் இருக்கேன்” என்றார் மச்சான். பொய் இல்லை. அவருக்குத் தான் எழுவதே தெரியாது. தங்கைக்கு எட்டு வயதில் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். சேதி சொல்லாமல் கையை விட்டார், பாப்பா விழுந்தாள், முன்பல் ஒன்று போயிற்று. அதற்குப் பிறகு அவள் எதிலாவது வேகமாகப் போனால் அவர் உடம்பு தானாக எழுந்துகொள்ளும். எடுத்துச் சொன்னால் மனம் நொந்துபோவார். ஒருமுறை, அவர் கார் நிறுத்தியது கோணல் என்று யாரோ சொன்னதற்கு மூன்று மாதம் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

நாளைக்கு ஞாயிறு. லிஃப்ட்காரர் யோசித்துக்கொண்டே மச்சானின் காலைப் பார்த்தார். அந்த வலது கால் சும்மா இருந்த இடத்திலேயே படகின் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக அதை மிதித்த கால்.

லிஃப்ட்காரருக்குக் கதவு மூடும் பொத்தான் ஞாபகம் வந்தது. அவர் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் பாதிக்கு மேல் அந்தப் பொத்தான் எதோடும் இணைக்கப்படாதது. கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். ஆனால் அவசரக்காரர்கள் அதை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு, கதவு மூடியதும் தாங்கள் மூடியதாக நினைத்து நிம்மதியாகப் போவார்கள். ஒரு சமயம் அதை எடுத்துவிட்டதற்கு ஏழாவது மாடியிலிருந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.

“மச்சான், உங்ககிட்ட பழைய பிரேக் பெடல் ஒண்ணு கிடைக்குமா? ஸ்பிரிங்கோட.”

“எதுக்கு?”

“படகுக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னிருக்கைக்கு எதிரே சாய்வான பலகை ஒன்றும், அதில் திருகாணியால் பொருத்திய பெடலும் இருந்தன.

“இது உங்க பொறுப்பு மச்சான். பாப்பா அலைக்கு வர்றப்ப மெதுவா அழுத்துங்க. அழுத்தினது அழுத்தினபடி இருக்கணும். அவ இறங்கி நிமிர்ந்த அப்புறம்தான் விடணும். நடுவுல கால் எடுத்தீங்கன்னா தீர்ந்துச்சு.”

“இது எதோட இணைஞ்சிருக்கு?”

“ரொம்ப நுட்பமான ஏற்பாடு.”

மச்சான் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். நுட்பமான ஏற்பாட்டைத் தகுந்த ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

நர்ஸம்மா தண்ணீரில் இறங்கினார். கரையில் கறுப்புக் கண்ணாடி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நின்றான். படகு முப்பதைத் தொட்டது. “வர்றா” என்ற குரல் கேட்டது. காதருகில் இல்லை, தூரத்தில், அது எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து. குமிழி இருந்த இடத்தில் இருந்தது. முப்பது. முப்பது. முப்பது. கயிறு கம்பிபோல விறைத்தது.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும். பலகை தண்ணீரைத் தட்டி இறங்கும் சத்தம் கேட்டது. அதன்பின் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

“தாண்டிட்டா” என்றார் மச்சான். ஏரியில் இன்னும் அரைச் சுற்று போனபிறகு கேட்டார்: “மாப்பிள்ளை, காலை எடுக்கலாமா?”

நர்ஸம்மா நனைந்த தலையோடு படகில் ஏறினார். மச்சான் எந்த நொடியில் எவ்வளவு அழுத்தினார், விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையெல்லாம் விளக்கினார். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பெடலைப் பார்த்தார். பலகைக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு ஒயரும் இல்லை. கணவரைப் பார்த்தார். “அண்ணா, நீ இல்லாட்டி நடந்திருக்காது” என்றார்.

மாடிப்படி ஏறும்போது, இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார் லிஃப்ட்காரர். “உனக்கு எப்பத் தெரியும்?”

“அண்ணன் எழுந்து நடக்கிறதா? பதினெட்டு மீட்டர் பின்னாடி இருந்து அந்த முதுகைத்தானே பார்த்துட்டு வர்றேன். ரெண்டு மாசமாத் தெரியும்.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“அண்ணன் மனசு நோகும்.”

“என் மனசு?”

“நீங்க படகைப் பிரிச்சுப் போட்டுட்டு வாரமெல்லாம் சந்தோஷமாத்தானே இருந்தீங்க. பாட்டு வேற பாடிக்கிட்டு. நானே சொல்லலாம்னு இருந்தேன். இழுப்பு ஜாஸ்தின்னீங்க பாருங்க, நீங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

மூன்றாவது மாடியில் அவர் மறுபடி நின்றார். “அப்ப கறுப்புக் கண்ணாடி?”

“ஒத்தைக் கையில ஓட்டுறவன் பின்னாடியா? எனக்கென்ன கிறுக்கா?” என்று சாவியைத் தேடினார் நர்ஸம்மா. “அடுத்த வாரம் முப்பத்திரண்டு வைங்க.”

திங்கட்கிழமை மத்தியானம் மச்சானிடமிருந்து ஃபோன் வந்தது. பெடல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். முப்பத்திரண்டுக்குப் போவதானால் இன்னும் மென்மையாக வேண்டுமாம். சாயங்காலம் லிஃப்ட்காரர் எண்ணெய் டப்பாவோடு போய், எதோடும் இணைக்காத அந்தப் பெடலுக்கு இரண்டு சொட்டு விட்டு, இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். இன்னும் ஒரு சொட்டு விட்டார்.