காற்று வேண்டாம் என்று கேட்டவர்கள்

என் வீடு உடுமலைப்பேட்டையில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் பயணம். ஆனாலும் மூன்று வருடமாக நான் கண் விழித்ததும் பார்ப்பது கடலைத்தான். மாலத்தீவில் உள்ள ஒரு சின்னத் தீவின் கடல், செல்போனில், கலர் கலராக, அம்புக்குறிகளோடு. இன்றைக்கு அலை எத்தனை அடி, எந்தத் திசையிலிருந்து வருகிறது, காற்று எவ்வளவு, தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று எல்லாம் அதில் போட்டிருப்பார்கள். பல் துலக்குவதற்கு முன்பே பார்த்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் ஜெபம். ஜெபம் என்று சொல்கிறேனே தவிர, பாதி நாள் அது வெறும் புலம்பல்.

அந்தத் தீவில் இருப்பவள் என் மகள் ஜெனி. எங்களுக்கு ஒரே பிள்ளை. வாய்க்காலில் அவள் அப்பாவைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழகியவள், கோயம்புத்தூரில் படிக்கும்போது போட்டிகளில் மெடல் வாங்கினாள். படிப்பு முடிந்ததும் காந்திபுரத்தில் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டோம். ஆறு மாதம் தாண்டவில்லை. சென்னைப் பக்கம் பலகையில் நின்று அலைமேல் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று போனாள், அங்கிருந்து மாலத்தீவுக்கே போய்விட்டாள். சறுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களைக் கடலுக்கு அழைத்துப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது அவள் வேலை. அங்கே அடியில் மணல் இல்லை, பவளப்பாறை. தண்ணீர் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழம்கூட இருக்காதாம். அதன்மேல் ஓட்டு வீட்டு உயரத்துக்கு அலை எழும்பி உடைகிறது. விழுகிறவர்கள் பாறையின்மேல்தான் விழ வேண்டும்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். அது போகட்டும். நான் அங்கன்வாடியில் டீச்சர். பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லி, எடை போட்டு, அதைப் போனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை காத்திருக்கும். இதற்கு நடுவில் எங்கேயோ இருக்கிற கடலையும் நானே காவல் காக்க வேண்டும் என்றால் உடம்பு என்ன ஆகும்? படுத்து எழுந்தால் தீர்கிற களைப்பாக அது இல்லை. எழும்போதே களைத்துத்தான் எழுவேன்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் காற்றாலையில் வேலை செய்கிறார். டவர்மேல் ஏறிப் பழுது பார்ப்பவர். எங்கள் ஜெபக்குழுவில் பாதிப் பெண்களின் வீட்டுக்காரர்களுக்கும் இதே வேலைதான். காற்று சீசன் தொடங்குவதற்கு முன் எல்லா மெஷினையும் பார்த்து முடித்துவிட வேண்டும். காற்று கூடினால் மேலே ஏறக் கூடாது, ஏறியிருந்தால் இறங்கிவிட வேண்டும். அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சலுக்காக ஜெபித்தாலும் சரி, பரீட்சைக்காக ஜெபித்தாலும் சரி, முடிக்கும்போது, "காத்த அடக்கித் தாங்க ஆண்டவரே" என்று சொல்லித்தான் ஆமென் போடுவோம். காற்றாலை முதலாளிகளோ காற்று வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். யார் பேச்சைக் கேட்பது என்று ஆண்டவருக்கே குழப்பமாக இருக்கும் என்று சாமுவேல் கேலி செய்வார்.

போன சித்திரைக் கடைசியில் அந்தத் தீவின் கடல் போனில் ஊதா நிறமாக மாறியது. நீலம் என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் பெரிய அலை, ஊதா என்றால் அதற்கும் மேலே என்று ஜெனி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். வரப்போகிற வியாழக்கிழமை முழுவதும் ஊதா என்று முன்கூட்டியே காட்டியது. ஜெபக்குழுவில் சொன்னேன். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். ஜெனி இருக்கிற கடலில் காற்றை அடக்க வேண்டும் என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த ஆபத்து அது ஒன்றுதானே.

ஒவ்வொரு நாளும் போனில் காற்றின் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. புதன்கிழமை காலையில் அநேகமாக ஒன்றுமில்லை என்று காட்டியது. சாமுவேல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா அம்மணி, காத்து செத்தே போச்சு. கடல் குளமாட்டக் கெடக்கும். நீ நிம்மதியாத் தூங்கு" என்றார்.

வாழ்நாள் முழுக்கக் காற்றைப் பார்த்து வேலை செய்கிற மனிதர் சொல்கிறார். நம்பாமல் என்ன செய்வது? ஸ்தோத்திரம் என்று சொல்லி, அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஜெனி கூப்பிட்டாள். குரலில் ஒரு பரபரப்பு.

"அம்மா, நாளைக்குத்தாம்மா பெருசு. தெக்க ரொம்பத் தூரத்துல புயல். அந்த அலை இங்க வந்து சேருது."

"காத்தே இல்லீன்னு போட்டிருக்குதே கண்ணு?"

"அதுதாம்மா சிக்கலே. கடல்லருந்து காத்து அடிச்சா அலை கலஞ்சு போயிரும். ஒருத்தரும் எறங்கமாட்டாங்க. காத்து இல்லாட்டி அலை கண்ணாடியாட்டம் எந்திரிச்சு நிக்கும். அத்தன பேரும் எறங்கியே ஆகோணும்னு நிப்பாங்க."

"நீ எறங்காத. ஒடம்பு செரியில்லீன்னு சொல்லிப்போடு."

"வந்தவங்கள உட்டுப்போட்டு நான் எப்படிம்மா கரையில நிக்கறது?"

பாருங்கள், அந்த அமைதியை வாரம் முழுக்கக் கேட்டு வாங்கியவர்கள் நாங்கள். காற்று கொஞ்சம் அடித்திருந்தால் அவள் கரையில் உட்கார்ந்திருப்பாள். என் பிள்ளையைப் பாறைக்கு அனுப்பச் சொல்லி நானே கேட்டதுபோல ஆகிவிட்டது.

அன்றைக்குக் கூட்டம் பொன்மணி அக்கா வீட்டில். எங்கள் குழுவை நடத்துகிறவர் அவர்தான். நேராகப் போய், ஜெனி சொன்னதை எல்லாம் விளக்கினேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"ஏனுங்க எஸ்தரு, காத்து வேணும்னா கேக்கச் சொல்றீங்க? நாளைக்கு நம்ம ஆளுங்க அத்தன பேரும் டவர்ல இருப்பாங்களே" என்றார் பொன்மணி அக்கா.

"இங்க வேண்டாங்க்கா. அங்க மட்டும். கடல் பக்கமிருந்து கொஞ்சம் அடிச்சாப் போதும்."

அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினார். நன்றாகத்தான் தொடங்கினார். ஜெனியின் பேரைச் சொல்லி, அந்தத் தீவின் மேல் காற்றை அனுப்பும்படி உருக்கமாகக் கேட்டார். பிறகு வீடுகளுக்காக, நோயாளிகளுக்காக, டவர் ஏறுகிறவர்களுக்காக என்று ஜெபம் நீண்டது. குரல் உயர்ந்தது. முடிக்கும் இடம் வந்ததும் பழக்கம் அவர் வாயைப் பிடித்துக்கொண்டது. "எங்க ஜெனிப் புள்ள இருக்கற எடத்துல காத்த அடக்கித் தாங்க ஆண்டவரே" என்று முழங்கினார். எல்லாரும் சேர்ந்து சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"அக்கா, மாத்திச் சொல்லிப்போட்டீங்க."

"அய்யோ, வாய் தவறிப்போச்சுங்க. ஆண்டவருக்கு நம்ம மனசு தெரியாதுங்களா? இருங்க, டீ குடிச்சுப்போட்டுப் போலாம்."

டீயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். வழியெல்லாம் நான் தனியாகக் காற்றைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

வியாழக்கிழமை விடிந்தது. போனைப் பார்த்தேன். காற்று துளியும் இல்லை. ஊதா அப்படியே இருந்தது. இடைவெளி பதினெட்டு வினாடி என்று போட்டிருந்தது. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் நேரம் கூடக்கூட அலைக்குப் பலம் கூடுமாம். நான் கேட்டது நடக்கவில்லை. "போறோம்மா, வந்து கூப்பிடறேன்" என்று ஜெனி ஒரு வரி அனுப்பியிருந்தாள். சாமுவேல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நானும் அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் வந்துவிடுவார்களே.

முட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ ஓர் ஆண். வேகமாக ஏதோ சொன்னார். ஜெனி என்பதும் ஆஸ்பத்திரி என்பதும் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் போகவே இல்லை. ஜெனியின் போன் அணைந்திருந்தது. சாமுவேல் டவர் மேலே இருந்தார். மேலே ஏறும்போது போனைக் கீழே வைத்துவிடுவார்.

சமையல் செய்கிற சரசு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். நான் உள்ளே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியில் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. ஜெபம் வரவில்லை. எத்தனை வருட விசுவாசம், எத்தனை உபவாசம். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை. காற்று வேண்டாம் என்றேன், பிறகு வேண்டும் என்றேன். இப்போது எதைக் கேட்பது? "எனக்கு முடியலீங்க ஆண்டவரே. ஒண்ணும் புரியலீங்க. ஜெனி" என்றேன். அதற்குமேல் எனக்குத் தெம்பு இல்லை. அவள் பேரையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு போன் அடித்தது.

"அம்மா, பயப்படாத. நல்லா இருக்கறேன். தோள் மூட்டுத்தான் எறங்கிப்போச்சு. காலுல தையல்."

முதலில் நன்றாகத் திட்டினேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

நடந்ததை அவள் பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் அழைத்துப்போன விருந்தினர் ஒருவர் அலையில் விழுந்து, அவர் பலகை இரண்டாக உடைந்துவிட்டது. இவள் போய்த் தன் பலகையை அவரிடம் கொடுத்து வெளியே தள்ளிவிட்டாள். அதற்குள் அடுத்த அலைகள் வந்து இவளை அடித்துக்கொண்டுபோய்ப் பாறையில் போட்டன. ஒரு கையைத் தூக்க முடியவில்லை. நீந்த முடியாது. பாறையில் நிற்கவும் முடியாது, அலை இழுக்கிறது. ஆழத்தில் நின்ற படகிலிருந்து பார்த்தால் வெறும் நுரைதான் தெரியுமாம். இவள் கத்தியிருக்கிறாள். படகோட்டி இப்ராகிமுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பெரிய அலைகள் கூட்டமாக வந்துபோன பிறகு கடல் சற்று நேரம் அடங்கி நிற்குமாம். அந்த நேரத்தில் அவர் படகைப் பின்பக்கமாகப் பாறையின் விளிம்புவரை கொண்டுவந்து, இவளைச் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். காலையில் எனக்குப் போன் செய்ததும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் இப்ராகிம் ஜெனியிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். கொஞ்சம் காற்று இருந்திருந்தால்கூட அவள் கத்தியது அவருக்குக் கேட்டிருக்காதாம். கேட்டிருந்தாலும் படகை அங்கே நிறுத்தியிருக்க முடியாது, காற்று தள்ளிப் படகும் பாறையில் மோதியிருக்கும் என்றாராம்.

இதைக் கேட்டபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். நான் விவரம் தெரிந்து, திருத்தி, வழியெல்லாம் அழுது கேட்டதை ஆண்டவர் தரவில்லை. பொன்மணி அக்கா வாய் தவறிக் கேட்டதைத் தந்தார். அதற்கு நான் ஆமென்கூடச் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது பொன்மணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டீயும் குடித்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கிற என் கொழுந்தனாருக்குக் கோயில், ஜெபம் எதிலும் நம்பிக்கை கிடையாது. "காத்து இருக்காதுன்னு மொதல்லயே போன்ல போட்டிருந்துச்சே அண்ணி, இதுல ஜெபம் எங்க வருது?" என்று கேட்டார். காற்றையும் கடலையும் படைத்தவருக்கும் போனில் வருகிற அம்புக்குறிக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்க நான் படிக்கவில்லை. இனி ஒன்றுமில்லை என்று அரிசி மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, என் மகளின் குரல் திரும்பக் கிடைத்தது. நான் சொல்ல முடிந்த சாட்சி அவ்வளவுதான்.

ஜெனி வீட்டுக்கு வந்து தோள் சரியாகும்வரை இருந்தாள். இனிப் போகமாட்டாள் என்று நினைத்தேன். இப்படி முடியும் என்றுதான் நீங்களும் எதிர்பார்த்திருப்பீர்கள். அவள் திரும்பப் போய்விட்டாள். அந்த விருந்தினர் உயிரோடு இருக்கிறாரே அம்மா, நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று கேட்டாள். வழியனுப்பிவிட்டு வந்து இரண்டு நாள் அழுதேன்.

இன்றைக்கும் நான் அந்தக் கடலைப் பார்க்கிறேன், ஆனால் ஜெபித்த பிறகு. இந்த வாரமும் ஊதா நிறம் காட்டுகிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். களைப்பும் முழுவதாகப் போகவில்லை. ஆனால் எந்தக் காற்று, எந்தத் திசை என்று ஆண்டவருக்கு யோசனை சொல்கிற வேலையை விட்டுவிட்டேன். அதிலேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருக்கலாம். எதைக் கேட்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் குழுவுக்கு வாருங்கள். அழகாக ஜெபிக்கத் தெரிய வேண்டாம். தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை. என் முறை வரும்போது நான் ஜெனி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளையின் பேரைச் சொல்லுங்கள். நாங்கள் ஆமென் சொல்கிறோம்.