விட்ட பிறகா, விடும்வரையா

பஞ்சநதம் பிணத்தின் காலைத் தொட்டுப் பார்க்காமல் மைக்கைத் தொடமாட்டார். திருவையாற்றுக்குக் கிழக்கே ஆறேழு ஊருக்குச் சாவுச் செய்தி சொல்லும் ஆட்டோ அவருடையது. கோயில் கொடியேற்றம், மின்தடை, கண் சிகிச்சை முகாம் எல்லாமும் சொல்வார். ஆனாலும் தெருமுனையில் அவர் குரல் கேட்டால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்து, "யாரு போயிட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

தொட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குக் காரணம் நடராசன். ஊரில் இரண்டு நடராசன். எட்டு வருஷத்துக்கு முன் மேலத்தெரு நடராசன் இறந்தபோது, யாரோ எழுதிக் கொடுத்த சீட்டை நம்பிக் கீழத்தெரு நடராசனைக் காலமாக்கிவிட்டார். அந்த மனிதர் அப்போது மீரா உசேன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுக்குறாங்கன்னும் சொல்லிடுய்யா, குளிச்சிட்டு ரெடியா இருக்கேன்" என்றார் நடராசன். கடையே சிரித்தது. பஞ்சநதம் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எழுத்தில் வந்த எதையும் அவர் நம்புவதில்லை. சாவு வீட்டுக்கு நேரில் போவார், காலைத் தொடுவார், பிறகுதான் வண்டியைக் கிளப்புவார். மருந்துச் சீட்டையும் கல்யாணப் பத்திரிகையையும்கூட ஒரே மாதிரி முறைத்துப் பார்ப்பார்.

போன ஐப்பசியில் டெங்கு வந்தது. குத்தாலம் பக்கம் ஒரு பெண் மூக்கிலும் வாயிலும் ரத்தம் வந்து செத்தாளென்று பேச்சு. தண்ணீர்த் தொட்டியைத் திறந்து கொசுப்புழு பார்க்க வந்தவர்கள், பார்த்த தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனார்கள். நோய் வீடென்று அடையாளம் வைக்கிறார்கள் என்று நினைத்து, அவர்கள் தெரு தாண்டும் முன்னே ஜனங்கள் ஈரத்துணியால் அழித்தார்கள். பஞ்சநதமும் அழித்தார்.

அந்த வாரம் கிராம செவிலியர் பிரின்ஸி அவரிடம் ஒரு தாளை நீட்டினாள்.

"அண்ணே, மூணு நாளைக்குக் காலையும் மாலையும் இதச் சொல்லணும். ஒரு எழுத்து மாறக்கூடாது."

பஞ்சநதம் படித்தார். தேங்கிய தண்ணீர், கொசு, தானாக வலி மாத்திரை வாங்கக்கூடாது என்பதெல்லாம் சரி. கடைசி வரியில் நின்றார். 'காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாட்கள் ஆபத்து; வயிற்றுவலி, வாந்தி, பல்லில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும்.'

"இது தப்பா அச்சாயிருக்கு, சிஸ்டர்."

"சரியாத்தான் இருக்கு. இந்தக் காய்ச்சல் இறங்குற நேரத்துலதான் ரத்தக்குழாயிலேர்ந்து நீர் கசியும். ஆளு தெளிஞ்ச மாதிரி இருப்பாங்க, பொசுக்குன்னு சாய்ஞ்சிடுவாங்க."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"ஒரத்தநாட்டுல வேலை பார்த்தப்ப ரெண்டு பேரு."

"அது ஒரத்தநாடு" என்றார் பஞ்சநதம்.

வழியெல்லாம் அவருக்கு அது உறுத்திக்கொண்டே வந்தது. காய்ச்சல் விட்டவனை ஆஸ்பத்திரிக்கு ஏன் கூப்பிடுகிறார்கள்? கட்டிலை நிரப்பிப் படம் எடுக்கவா? புது ஊசியை யார் மேலாவது போட்டுப் பார்க்கவா? இந்த வரியைச் சொன்னால் மறுபடியும் டீக்கடை சிரிக்கும். மேலத்தெரு திரும்பும்போது மைக்கை எடுத்தார். "காய்ச்சல் விடும்வரை ஆபத்து" என்று திருத்திச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஊருக்குத் தெரிந்த விஷயம்தானே. மூன்று நாளும் அப்படியே சொன்னார்.

அவர் மனைவி சாவித்திரிக்கு அப்போது காய்ச்சல். ரத்தம் பார்த்து டெங்கு என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளையும் அவர் முறைத்துப் பார்த்து அலமாரியில் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சுடவில்லை. காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். அதோடு நோய் முடிந்ததாகக் கணக்கு. சாவித்திரி ஊற்றிக்கொண்டாள், ரசம் சாதம் இரண்டு வாய் தின்றாள், நடவு ஆட்களுக்குச் சாப்பாடு கட்டப் போனாள்.

பதினோரு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தின்றது வெளியே வந்திருந்தது.

"வயித்தைப் புடிச்சு இழுக்குதுங்க."

"ஈரத்தலையோட நின்னிருப்பே. வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? அதான் விட்டுடுச்சே. நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க, விடும்வரைதான் ஆபத்துன்னு."

பஞ்சநதம் அவள் கையைப் பிடித்தார். பிறகு காலைத் தொட்டார். பிசுபிசுவென்று வேர்த்து, சில்லென்று இருந்தது. எட்டு வருஷமாக வீடு வீடாகத் தொட்டு அறிந்த குளிர். அவர் விரலுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இவள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் போட்டுவிட்டு அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்தார். வழியில் பிரின்ஸியும் ஏறிக்கொண்டாள். வண்டி தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நின்றது. இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது. இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். பஞ்சநதம் அதை மட்டும் மறுபேச்சில்லாமல் நம்பினார்.

மறுநாள் காலை பிரின்ஸி கேட்டாள். "நான் கொடுத்த தாளைத்தானே படிச்சீங்க?"

வரியை மாற்றிச் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். அவள் திட்டவில்லை. "இன்னும் எத்தனை வீட்டுல தலைக்கு ஊத்தியிருக்காங்களோ" என்று மட்டும் சொன்னாள்.

சாவித்திரி கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "இங்க உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்தது போதும். போய் மாத்திச் சொல்லுங்க."

"ஏற்கனவே ஒரு தடவை தப்பாச் சொன்னவன். இப்பவும் தப்புன்னு சொன்னா எவன் கேப்பான்?"

"கேக்க மாட்டாங்க. போய்ச் சொல்லுங்க."

வீட்டில் கிடந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மறுபடி ஏற்றிக்கொண்டு கீழத்தெருவில் நுழைந்ததும் வழக்கம்போல வாசல்கள் திறந்தன. யாரு போயிட்டா?

"யாரும் போகலை" என்றார் மைக்கில். "மூணு நாளா நான் சொன்னது தப்பு. தாள்ல சரியா இருந்துச்சு, நான்தான் மாத்தினேன். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில கிடக்கா."

டீக்கடை வாசலில் மீரா உசேன் வண்டியை மறித்தார். "முந்தாநாள் விடும்வரைங்கிறீங்க, இன்னைக்கு விட்ட பிறகுங்கிறீங்க. எதைய்யா நம்புறது? எவ்வளவு கொடுத்தாங்க இதுக்கு?"

பெஞ்சிலிருந்து கீழத்தெரு நடராசன் சேர்ந்துகொண்டார். "என்னையே கொன்னவன்யா இவன். இவன் பேச்சைக் கேட்டுட்டு இன்னைக்குத்தான் எம் பொண்ணு பிரகதீஸ்வரி தலைக்கு ஊத்திக்கிட்டா. இப்ப வந்து பயமுறுத்துறான்."

பஞ்சநதம் மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டது.

"என்னை நம்பாதீங்க. நர்சை நம்பாதீங்க. காய்ச்சல் விட்டவங்க கையையும் காலையும் நீங்களே தொட்டுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா, வயித்து வலி, வாந்தி இருந்தா, பல்லுல ரத்தம் கசிஞ்சா, ஒரு நிமிஷம் நிக்காம கிளம்புங்க. சுட்டாத்தான் நோவுன்னு நாம நெனைச்சுக்கிட்டிருந்தோம்."

"பேசுறான் பாரு" என்றார் மீரா உசேன். நடராசன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தார். மெதுவாகத்தான் போனார், போவது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதுபோல.

பஞ்சநதம் கிளம்பாமல் நின்றார். அதே வரியை மறுபடி மறுபடி சொன்னார்.

நடராசன் திரும்பி வரும்போது செருப்பில்லை.

"பிரகதீஸ்வரிக்குக் காலு ரெண்டும் சில்லுன்னு இருக்குய்யா. வாந்தியும் எடுத்திருக்கா. அவங்கம்மா ஒண்ணுமில்லைங்கிறா."

"நீங்களே தொட்டீங்களா?"

"ரெண்டு தரம்."

பஞ்சநதம் வண்டியை நடராசன் வீட்டுப் பக்கம் திருப்பினார். பின்சீட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியை இறக்கிக் கடை பெஞ்சில் வைத்தது மீரா உசேன்.