டிவியில் வராத குட்டி

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவோம். தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்க்கிற வேலை. அன்றைக்கு அரக்கு நிறப் பாவு. கோயில் பக்கமிருந்து வந்த ஒரு குரங்குக் குட்டி அதன்மேல் குதித்து, பின்னங்கால் சிக்கிக்கொண்டு கத்தியது.

என் வீட்டுக்காரர் ஓடினார். "அறுத்து வுடுய்யா!" என்று எதிர்வீட்டில் கத்தினார்கள். அவர் கை அறுக்குமா? சிக்கு விழுந்தால் பிரித்தே பழகிய கை. ஒவ்வோர் இழையாக விலக்கிக்கொண்டிருந்தார். தாய்க் குரங்குக்கு அதெல்லாம் தெரியுமா? பாய்ந்து வந்து மணிக்கட்டில் கடித்தது, குட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடியது.

பக்கத்துக் கடை கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. டிவிக்காரர்களோ பாய்ச்சலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு வட்டம், பேய்ப் படத்துக்குப் போடுகிற இசை, "கொலைவெறிக் குரங்கு! பீதியில் மக்கள்!" நாள் முழுக்க அதே. எந்த மக்கள்? நான் அன்றைக்கும் மாடியில் வடாம் காயப்போட்டேன்.

மைக்கை நீட்டியவனிடம் இவர் தெளிவாகத்தான் சொன்னார். "அது மேல தப்பு இல்லபா. புள்ளைய நான் புடிச்சிக்கினு இருந்தேன், பெத்தவ சும்மா இருப்பாளா?" அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கட்டுப் போட்ட கையை மட்டும் பெரிதாகக் காட்டினார்கள். நாசமாய்ப் போக!

டிவியில் வந்த பிறகு சும்மா விடுவார்களா? வனத்துறைக்காரர்கள் வண்டியில் கூண்டை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாழைப்பழத்துக்காகத் தாய் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. குட்டி எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. "குட்டி மேல இருக்குதுபா, அதையும் எடுத்துக்கினு போங்க!" என்று இவர் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். வண்டி நிற்கவில்லை.

குட்டி கத்திக்கொண்டே இருந்தது. துணியைப் பாலில் நனைத்து நீட்டினோம். கிட்டே போனாலே பின்வாங்கியது, எங்களைக் கண்டுதான் அதற்குப் பயம். கீழே டிவியில் "மக்கள் நிம்மதி" என்று ஓடிக்கொண்டிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்தேன்.

ஒரு காலையில் சத்தம் நின்றுபோயிருந்தது. இவர் விறைத்துப்போன குட்டியைக் கையில் ஏந்தி இறங்கி வந்தார். அதன் காலில் எங்கள் அரக்கு இழைகள் இன்னும் இறுகிக் கிடந்தன, பெற்றவள் பிடுங்கியபோது அறுந்து வந்தவை.

"கத்திரிக்கோல் குடும்மா" என்றார்.

கொடுத்தேன். இழைகளை வெட்டினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"பாவு போனா போவுதுன்னு அன்னிக்கே அறுத்து வுட்டிருக்கணும்மா."