ஒருவரும் வெளியே வராத பத்து நிமிடம்

சினிமாக் கொட்டகையின் கேண்டீனில் பாப்கார்ன் விற்கும் என் சித்தியிடம் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும், "பிரமாதம்" என்பாள். ஊரே காறித் துப்பிய படமாக இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வரை தாங்குமா என்று சுவரொட்டி ஒட்டுகிறவரே சந்தேகப்படும் படமாக இருக்கும். சித்திக்கு அதுவும் பிரமாதம்தான். படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், சித்தியிடம் மட்டும் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கும் சித்தப்பா ஒருபடி மேலே போவார். "உங்க சித்தி நல்லா இருக்குன்னு சொன்னா, அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதே!"

நானும் அவளுக்கு ரசனை இல்லை என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்த காலத்தில் இணையத்தில் புனைபெயர் வைத்துக்கொண்டு படங்களுக்கு விமர்சனம் எழுதுவேன். இதற்கு இரண்டு நட்சத்திரம், அதற்கு இரண்டரை. அந்த அரை நட்சத்திரத்தை எதற்குக் கொடுத்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் இருந்த மாதங்களில், வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்குப் பதிலாகச் சித்திக்குக் கைகொடுக்கப் போனேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. சித்தி அந்தக் கொட்டகையில் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு காட்சியைத்தான் பார்த்திருந்தாள். அதுவும் அந்தப் படத்தின் ஆகச் சிறந்த காட்சியை.

கேண்டீன் அரங்கின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் சண்டையெல்லாம் இந்தப் பக்கம் பிஸ்கட் டப்பாக்களின் நடுக்கமாக வந்து சேரும். நல்ல படம் ஓடினால் இடைவேளையில் மட்டும்தான் வியாபாரம். மற்ற நேரத்தில் நடைபாதை காலியாகக் கிடக்கும். மோசமான படமென்றால் கதவு சும்மா இருக்காது. ஒருத்தர் டீக்கு வருவார், ஒருத்தர் போன் பேச வந்து பாப்கார்ன் வாங்கிப் போவார், பாட்டு ஆரம்பித்தால் ஒரு வரிசையே எழுந்து வரும். "மொக்கைப் படம்தான்டி நமக்குச் சோறு போடுது" என்பாள் சித்தி. அவளுக்கு அங்கே 'இடைவேளை' என்றே பெயர். மேனேஜரைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆனால் எவ்வளவு மோசமான படத்திலும், எங்கோ ஓர் இடத்தில், கதவு அசையாமல் நின்றுவிடும். ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். முதல் நாள் முதல் ஆட்டத்திலேயே சித்தி அந்த இடத்தைக் காதால் கண்டுபிடித்துவிடுவாள். அடுத்த ஆட்டத்திலிருந்து அந்த நேரம் வந்ததும் பாப்கார்ன் மெஷினை அணைப்பாள். கையில் எண்ணெய் இருக்குமென்பதால் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாள். காட்சி முடிந்து யாராவது எழுந்தால், அவருக்கு முன்னால் ஓடிவந்து கவுண்டரில் நிற்பாள். முன்பின் கதையை அவளே கட்டிக்கொள்வாள். அப்படிக் கட்டிய படங்கள் எல்லாமே பிரமாதமாகத்தானே இருக்கும்?

நான் போன காலத்தில் ஓடிக்கொண்டிருந்த படம், மோசமான படங்களுக்கே ஒரு போட்டி வைத்தால் பரிசு வாங்கியிருக்கும். கதாநாயகன் யாரையோ பழிவாங்குகிறான், யாரை என்பதில் இயக்குநருக்கே தெளிவில்லை. ஆனால் நடுவில் ஒரு காட்சி.

பல வருடமாகப் பேசாத அப்பா, மகளின் வாடகை வீட்டுக்கு வருகிறார். மகள் கதவைத் திறக்கிறாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சமையலறையில் குழாய் சொட்டுகிறது. அவர் போய் அதன் முன்னால் குந்துகிறார். எதுவும் கேட்காமல் கையை மட்டும் நீட்டுகிறார், அவள் சரியான ஸ்பானரை அந்தக் கையில் வைக்கிறாள். சின்ன வயதில் அவருக்கு எடுத்துக்கொடுத்துப் பழகியவள் என்பதை யாரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. சொட்டுவது நிற்கிறது. அவர் கையைக் கழுவுகிறார். மறுபடியும் திறந்து மூடிப் பார்க்கிறார். வேலை முடிந்துவிட்டது, இனி அங்கே இருக்க அவருக்குக் காரணம் இல்லை. அவள் துண்டெடுக்கத் திரும்பும்போது, அவர் ஸ்பானரால் ஒரு திருகு திருகி அதைத் தளர்த்திவிடுகிறார். சொட்டுச் சத்தம் கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்கு வந்து பாருங்க" என்கிறாள்.

இதை நான் சித்தியின் தோளுக்குப் பின்னால் நின்று முதல் தடவை பார்த்தபோது, நட்சத்திரமெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை.

சிக்கல் ஆரம்பித்தது சித்தியின் பெருமையால்தான். ஒருநாள் மதியம் மேனேஜர் கவுண்டரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்தியைவிட வயதில் சின்னவர், எப்போதும் அக்கா என்றுதான் பேசுவார்.

"படம் ரொம்ப நீளம்க்கா. கடைசி ஆட்டம் விடறதுக்குள்ள பஸ் போயிடுதுன்னு ஜனங்க கத்துறாங்க. ஒரு பத்து நிமிஷத்தைத் தூக்கணும். எதைத் தூக்கறதுன்னுதான் புரியல."

"எதை வேணாத் தூக்குங்க சார். ஆனா அந்தக் குழாய் சீன் இருக்கு பாருங்க, அப்போ ஒரு ஈ காக்கா வெளிய வராது. நான் மெஷினை அணைச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணுமே விக்காதா?"

"தண்ணி பாட்டில்கூடப் போகாது சார்." சொந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"நல்லதாப் போச்சு. அதையே தூக்கிடலாம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அது நியாயம்தான். டிக்கெட் காசில் பெரும்பகுதி படத்தைக் கொடுத்தவர்களுக்குப் போய்விடும். கொட்டகையின் விளக்கு எரிவது பாப்கார்னால். ஒன்றும் விற்காத பத்து நிமிடத்தை வெட்டினால் பஸ்ஸும் கிடைக்கும், வியாபாரமும் கெடாது. வெட்டுவது என்றால் கத்தரியெல்லாம் இல்லை. படம் கணினியிலிருந்து ஓடுகிறது. ஆப்பரேட்டர் திரையை ஒரு கணம் இருட்டாக்கி, வேண்டாத இடத்தைத் தாண்டிப் போய்விடுவார். வாராவாரம் ஏதாவது ஒரு பாட்டை அப்படித் தாண்டுவது அவருக்குப் பழக்கம்.

மேனேஜர் போனதும் சித்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக்கூடாதா? நானே போட்டுக் கொடுத்துட்டேனேடி."

"விடு சித்தி. அடுத்த வாரம் வேற படம் வரும், அதுல வேற சீன் வரும்."

"உனக்கு டிகிரி குடுத்தவனை முதல்ல சொல்லணும்" என்று எழுந்தவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

"சார், படமே அதுதான் சார். அதை எடுத்துட்டா வெறும் சக்கை."

மேனேஜர் சிரித்தார். "அக்கா, நீங்க முழுப் படத்தையும் பார்த்திருக்கீங்களா?"

சித்தி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நாளைக்கு மதிய ஆட்டத்துல உக்காந்து பாருங்க. டிக்கெட் கிழிக்கிறவர் கடையைப் பார்த்துக்குவார். பார்த்த பிறகும் அதுதான் படம்னு தோணினா, எதைத் தாண்டறதுன்னு நீங்களே சொல்லுங்க."

மறுநாள் நாங்கள் இருவரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். சித்திக்கு அங்கே உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாராவது கதவைத் திறந்து வெளியே போனால் பாதி எழுந்து, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்தாள்.

"இவன் எதுக்கு அவனை அடிக்கிறான்?"

"தெரியல சித்தி."

"நீ படிச்சவதானே?"

குழாய்க் காட்சி வந்தது. வழக்கம்போல் ஒருவரும் எழவில்லை. அது முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் பாதி அரங்கு வெளியே போனது. அந்தப் பாட்டின்போதுதான் சித்தி தினமும் கவுண்டருக்கு ஓடியிருப்பாள். பாட்டு முடிந்தது. திரையில் வில்லனின் பங்களா. அதே அப்பா அங்கே நிற்கிறார். "குழாயை லூஸ் பண்ணிட்டு வந்திருக்கேன். நாளைக்கு அவளே கதவைத் திறப்பா. உங்க ஆளுங்களை அனுப்புங்க" என்கிறார். வில்லன் சிரிக்கிறான். அவரும் சிரிக்கிறார். நோட்டுக்கட்டு ஒன்று கைமாறுகிறது. பிறகு நீண்ட சண்டை.

சித்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு காட்சிக்கு என்ன அர்த்தம் என்பதை அதற்கு முன்னும் பின்னும் வருபவைதான் முடிவுசெய்யும் என்று நானே விமர்சனங்களில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி நான் பார்த்த அப்பா பொய், திருகிய திருகு பொய். ஆனால் அந்த முடிவை ஏற்க எனக்கே மனம் வரவில்லை. அது சரியான முடிவா, கற்றுக்கொண்ட முடிவா என்று அன்றுதான் முதல்முறை சந்தேகம் வந்தது.

படம் முடிந்து வெளியே வந்ததும் சித்தி மெஷினைத் துடைத்தாள். இவ்வளவு பாடுபடுகிறாளே, ஏதாவது காரணம் இருக்கவேண்டும் என்று எனக்குக் குடைந்தது.

"சித்தி, அந்த சீனைப் பார்த்தா உனக்குத் தாத்தா ஞாபகம் வருதா?"

"எங்கப்பனா? அவருக்குக் குழாயைத் திறக்கத்தான் தெரியும். மூடறதுக்கு எங்கம்மா வரணும்." சிரித்தாள். பிறகு துணியைக் கீழே வைத்தாள். "நீ அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தியா? திருகும்போது?"

"பார்த்தேன்."

"காசு வாங்கினவன் மூஞ்சியா அது? பொண்ணு பார்த்துடுவாளோன்னு பயம். பார்த்தாத் தேவலையேன்னு ஒரு ஆசை. ரெண்டும் இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்போ அவருக்கே தெரியாதுடி. நடிக்கிறவருக்கு. அடுத்த சீன் இப்படின்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் அப்பாவாத்தான் திருகினார்."

இது உண்மையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். பின்னால் வந்து ஒருவன் பொய் என்று சொன்னால், ஏற்கெனவே நடந்து முடிந்தது எப்படிப் பொய்யாகும்?

சித்தி மறுபடி மேனேஜர் அறைக்குப் போனபோது ஆப்பரேட்டரும் அங்கே இருந்தார்.

"என்னக்கா, பார்த்தாச்சா?"

"பார்த்தேன் சார். குழாயை விட்டுடுங்க. அந்த பங்களாவையும் அதுக்கப்புறம் வர்ற சண்டையையும் தாண்டுங்க. அதுவும் பத்து நிமிஷம்தான்."

"அதுல வியாபாரம் இருக்குமே?"

"எங்க சார் இருக்கு? வர்றவங்க பாட்டுலயே வந்து வாங்கிட்டுப் போயிடறாங்க. சண்டையில பாதிப் பேர் தூங்கறாங்க. தூங்கறவன் எழுந்து வந்து பாப்கார்னா வாங்கப்போறான்?"

மேனேஜர் கொஞ்சநேரம் மேசையில் தாளம் போட்டார். "சரி, பண்ணுங்க."

ஆப்பரேட்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏம்மா இடைவேளை, அதை எடுத்தாக் கதையே புரியாதே?"

"இப்ப மட்டும் புரியுதாக்கும்?"

"கடைசியில அந்த அப்பா வில்லன் காருல உக்காந்திருப்பாரே. அங்க எப்படி வந்தார்னு ஜனங்க கேட்டா?"

"கேக்கறவங்க எங்க வருவாங்க? என்கிட்டத்தானே வருவாங்க. நான் பார்த்துக்கறேன்."

அன்று மாலை ஆட்டத்திலேயே பங்களா காணாமல் போனது. பாட்டு முடிந்ததும் திரை ஒரு கணம் இருண்டது, யாரோ விசிலடித்தார்கள், படம் ஓடியது. நான் கவுண்டரில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே கதவைப் பார்த்தபடி இருந்தேன். கடைசிக் கட்டம் நெருங்கும்போது, சட்டைப்பையில் பேனா குத்திய ஒரு பெரியவர் வெளியே வந்தார். முகத்தில் குழப்பம்.

"ஒரு டீ போடும்மா. ஆமா, அந்தக் குழாய் ரிப்பேர் பண்ணாரே அப்பா, அவர் எப்படி அந்தப் பசங்க காருல இருக்காரு? நான் நடுவுல தூங்கிட்டேனா?"

சித்தி டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "பொண்ணு வீட்டுல இருந்து கிளம்பினார் இல்ல? தெருமுனையிலயே புடிச்சுத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"அடப்பாவிங்களா!" பெரியவர் டீயை வாங்கினார், குடிக்கவில்லை. "அப்போ மறுநாள் அவரால வர முடியலையா? அந்தப் பொண்ணு வரச் சொன்னாளே."

சித்தி துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைத்தாள். படம் முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டவளுக்கு, இந்தக் கேள்வி வரும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

"எங்க வர விட்டாங்க?" என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வரணும்னுதான் இருந்தார்."

பெரியவர் நாக்கால் 'ச்சு' கொட்டினார். "தப்பிச்சுடுவார் இல்ல?"

"போய்ப் பாருங்கய்யா, நானும் இன்னும் பார்க்கல" என்றாள் சித்தி.

அவர் டீயோடு வேகமாக உள்ளே போனார். சித்தி மெஷினை அணைத்துவிட்டு முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள். மதியம்தான் அந்த முடிவைப் பார்த்தவள்.