பெண் பார்க்க வந்தவர் போட்டுவிட்டுப் போன லினக்ஸ்

லினக்ஸுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், மற்றவர்கள் எல்லாம் சுதந்திரம், பகிர்தல், ஏகபோக எதிர்ப்பு என்று பெரிய பெரிய காரணங்களாகச் சொல்வார்கள். நான் வந்தது கேசரியால். அன்றைக்கு அம்மா கேசரியைக் கொஞ்சம் தாமதமாகக் கிளறினாள். அந்த இடைவெளியில், என்னைப் பெண் பார்க்க வந்தவர் என் கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டார்.

அது ஆற்றில் தண்ணீர் வராத வருஷம். குறுவை போயிற்று, சம்பாவும் சந்தேகம் என்றார்கள். அப்பா தஞ்சாவூரில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நெல்லே வராத ஆலையில் என்ன கணக்கு? காலையில் போவார், பேப்பர் படித்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவார். நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போதுதான் ஊரில் ஒரு கம்பெனி புதிதாகத் திறந்தார்கள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு வேகமாகப் பேசிப் பதிவு செய்து வைப்பதை, நாம் இங்கே காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். அதற்குக் காலடியில் தையல் மெஷின் மாதிரி ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார், ஓரத்தில் மிதித்தால் சொன்னதையே திரும்பச் சொல்வார். எங்கள் வீட்டில் நான் சொன்னபடி கேட்ட ஒரே ஆண்பிள்ளை அந்த டாக்டர்தான்.

கம்பெனியில் ஒரு சிடியும் பெடலும் கொடுத்து, அடுத்த திங்கட்கிழமைக்குள் அத்தனையும் அடித்துக் கொண்டுவா, தப்பில்லாமல் இருந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த சித்தப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அப்பாவும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால் எனக்குப் பிடித்த இடம் வரும்வரை காத்திருக்கலாம். கிடைக்காவிட்டால் அவர் கைகாட்டுகிறவருக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஆனால் அப்பா எதிலும் ஒரே வாய்க்காலை நம்புகிற ஆள் இல்லை. சோதனை நடக்கிற அதே வாரத்தில் ஒரு மாப்பிள்ளையையும் வரச் சொல்லிவிட்டார்.

எங்கள் பங்கு மாதா கோயில் உபதேசியார் கொண்டு வந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை திருவையாற்றுப் பக்கம், ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறார், சிங்கப்பூர் போக விசாவுக்குக் காத்திருக்கிறார், தகப்பனார் இல்லை, அம்மா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள். நான் தட்டோடு வந்து காப்பி கொடுத்துவிட்டுப் போனேன். அவர் காப்பியைப் பார்த்தார். அவருடைய அம்மா என் காதைப் பார்த்தார்.

உபதேசியார்தான் பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தார். "பாப்பாவுக்கு கம்ப்யூட்டர்லாம் நல்லா வரும். இப்பதான் அதுல என்னமோ வைரஸ் வந்து படுத்துதாம்."

அவ்வளவுதான். அதுவரை பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் முகத்தில் அப்போதுதான் கல்யாணக் களை வந்தது. "வைரஸா? எங்க, பாக்கலாமா?" என்று எழுந்தே விட்டார். அம்மாவுக்குச் சந்தோஷம். கேசரிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. "ரெண்டு பேரும் ஒரு பத்து நிமிஷம் பேசிக்கிட்டு இருக்கட்டுமே" என்றாள். கம்ப்யூட்டர் இருந்த அறைக் கதவைத் திறந்தே வைத்து எங்களை அனுப்பினார்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசக் கொடுக்கிற பத்து நிமிஷத்தில் என்ன கேட்பார்கள்? சமைக்கத் தெரியுமா, வெளிநாடு வர விருப்பமா என்று கேட்பார்கள். இவர் கம்ப்யூட்டர் மேலே போட்டிருந்த பூப்போட்ட துணியை விலக்கிவிட்டு, "ஹார்ட் டிஸ்க் எவ்வளவுங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். தோள்பையிலிருந்து லினக்ஸ் சிடி உறையை எடுத்தார். பெண் பார்க்க வருகிற ஆள் பையில் ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டு வருவார் என்று யாருக்குத் தெரியும்?

"இதுல முக்கியமா ஏதாவது இருக்குங்களா? எல்லாம் அழிஞ்சுடும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மா குரல் வந்தது. "அதுல என்ன தம்பி இருக்கு? சும்மா பாட்டுக் கேப்பா. நீங்க பாருங்க."

பெண் பார்க்கிற அன்றைக்கு, வந்தவர்கள் எதிரில் அம்மாவை மறுத்துப் பேசக்கூடாது. பேசியிருந்தால் என் பெடலுக்கான மென்பொருள் பிழைத்திருக்கும்.

பத்து நிமிஷத்தில் முடிகிற காரியமா அது? கேசரி வந்து, பஜ்ஜி வந்து, இரண்டாம் காப்பியும் வந்தது. அப்பா அறை வாசலில் வந்து நின்றார். அவருக்கு இவர் லினக்ஸின் பெருமையை எடுத்துச் சொன்னார். எழுதினவன் பூட்டி வைக்காமல் ஊருக்கே கொடுத்திருக்கிறான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம்.

"ஆத்துத் தண்ணி மாதிரிங்க. யாரும் பூட்டக் கூடாது."

"மேலே அணையிலேயே பூட்டித்தானே வச்சிருக்கான் தம்பி" என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சும்மாவே குடுக்கிறீங்கன்னா உங்களுக்குச் சம்பளம் எப்படி?" என்று கேட்டார். ஹாலில் அவருடைய அம்மா தொண்டையைக் கனைத்தார்.

புறப்படும்போது அவர் என்னிடம் சொன்ன ஒரே அந்தரங்கமான வார்த்தை, "இனிமே வைரஸே வராதுங்க" என்பது. உண்மைதான். வைரஸ் வரவில்லை. மறுநாள் பெடலைச் செருகி மிதித்தேன். டாக்டரும் வரவில்லை.

சிடியைப் போட்டால் சத்தம் வந்தது, பெடலுக்கு மட்டும் அசைவில்லை. பெடல் இல்லாமல் அந்த டாக்டரைப் பிடிக்கவே முடியாது, அத்தனை வேகம். பழைய சிஸ்டத்தையே திரும்பப் போடலாம் என்றால், முதலில் போட்டுக் கொடுத்த கடைக்காரன் கடையை மூடிவிட்டுத் துபாய் போயிருந்தான். எனக்கு வந்த கோபத்தில் பெடலைத் தூக்கி வாசலில் எறிந்திருப்பேன். கம்பெனிப் பொருளாயிற்றே என்று விட்டேன்.

"பையன்தானே கெடுத்தான், பையனையே கேளு" என்றாள் அம்மா. அப்பா தயங்கினார். நாங்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதற்குள் பெண் போன் பண்ணினால் சம்மதம் என்று ஆகிவிடாதா? ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. ஹாலில் இருந்த போனில் அவர் கொடுத்திருந்த லேப் நம்பரைச் சுற்றினேன். அப்பா பக்கத்து நாற்காலியில் காவல் உட்கார்ந்தார்.

"நேர்ல வந்தா உடனே பாத்துடலாம்" என்றார் அவர். "ஆனா பதில் சொல்லாத வீட்டுக்கு ரெண்டாவது தடவை வர்றது… அம்மா கோவிச்சுக்குவாங்க. போன்லயே பாப்போம்ங்க."

"அப்ப பழசையே போட யார்கிட்டயாவது சொல்லுங்களேன்."

"அது திருட்டு சிடிங்க. மனசாட்சி இடம் குடுக்கல."

திருட்டுக்கு இடம் கொடுக்காத அந்த மனசாட்சி, அடுத்தவள் வேலைக்கு உலை வைக்க மட்டும் இடம் கொடுத்திருந்தது. ஆனாலும் பொறுமைசாலி மனிதர். கம்ப்யூட்டர் அறையில் நான் ஒன்றைச் செய்துவிட்டு ஹாலுக்கு ஓடி வந்து சொல்வேன். அவர் அடுத்ததைச் சொல்வார். மறுபடி ஓடுவேன்.

"டெர்மினல் தொறந்துச்சா?"

"ஒரே கறுப்பா இருக்குங்க."

"அதுதாங்க."

"எதுங்க?"

"அதுலதான் எல்லாம் பண்ணணும். ஸ்லாஷ் போடுங்க. அடுத்து டெவ். மறுபடி ஸ்லாஷ்."

நான் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வேன். அப்பா சமையலறைக்குப் போய், "என்னமோ ஸ்லாஷ் ஸ்லாஷ்னே பேசிக்கிறாங்கடி" என்று தகவல் கொடுப்பார். "இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்படித்தான் பேசுங்க, நீங்க பேசாம இருங்க" என்பாள் அம்மா.

பகலில் லேபுக்கும் சாயங்காலம் அவர் வீட்டுக்கும் போன் போயிற்று. வீட்டில் எடுப்பது அவருடைய அம்மா. "நான்தாங்க" என்பேன். "ம்" என்பார். ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. நான் அதைக் கவனித்தேன். ஆனாலும் போன் பண்ணினேன். பெடலுக்காக மட்டும் இல்லை. அவர் குரல் எனக்குப் பிடித்துவிட்டது. நான் எத்தனை தடவை தப்பாகச் செய்தாலும், "பரவால்லைங்க, மறுபடி பாப்போம்" என்பார். அந்த மாதிரி என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

வியாழக்கிழமை அவருக்கும் கைவிட்டுப் போயிற்று. லினக்ஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிற மின்னஞ்சல் குழு ஒன்று இருக்கிறது, அதில் கேளுங்கள், உலகமே பதில் சொல்லும் என்றார். கீழவாசல் பக்கம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தப்பும் தவறுமான இங்கிலீஷில் என் கஷ்டத்தை எழுதி அனுப்பினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் உலகம் பதில் சொல்லித்தான் இருந்தது. ஒருவர், தலைப்பில் 'உதவி' என்று மட்டும் போடுவது மரியாதை இல்லை என்றார். ஒருவர், அதை வெறுமனே லினக்ஸ் என்று சொல்வதே தவறு, முழுப்பெயர் வேறு என்றார். அவரோடு இன்னொருவர் சண்டைக்குப் போயிருந்தார். ஒருவர் நான் வைத்திருக்கிற லினக்ஸ் மட்டமான வகை, தன்னுடையதைப் போடு என்றார். அதற்குக் கீழே இரண்டே வரியில் ஒரு பதில்: 'இது முன்பே கேட்கப்பட்ட கேள்வி. முதலில் கையேட்டைப் படிக்கவும்.' அதற்கும் கீழே இருந்தது அவர் பெயர். ஆமாம், என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவரேதான்.

அடப்பாவி மனுஷா! வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் போனை எடுத்தேன்.

"அது நான்னு தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுதாங்க போட்டேன். அந்தக் குரூப்ல எல்லாரும் சமம். தெரிஞ்சவங்கன்னு சலுகை காட்ட முடியாதுங்க."

அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. கோயில் உண்டியலைத் தொடாத தர்மகர்த்தா மாதிரி பேசினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையேட்டை நானும் படித்துத்தான் பார்த்திருந்தேன். அதில் உலகத்தில் இருக்கிற எல்லாம் இருந்தது, என் பெடலைத் தவிர.

சனிக்கிழமை காலை இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். சண்டைகளுக்கெல்லாம் அடியில், ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் ஒரு குறிப்புப் போட்டிருந்தார். உங்கள் பெடல் செருகுகிற இடம் விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் செருகுகிற இடம், அதனால் அதை ஜாய்ஸ்டிக் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிப் பாருங்கள், இன்ன இன்ன வரிகள். எழுதிக்கொண்டு ஓடிவந்தேன். அதாவது, என் பிழைப்பை விளையாட்டு என்று கம்ப்யூட்டரை நம்ப வைக்க வேண்டும். அடித்தேன். மிதித்தேன். காதுக்குள் அமெரிக்காக்காரர் யாருக்கோ குடலிறக்கம் என்று ஆரம்பித்தார். "மாதாவே!" என்று நான் கத்தினதில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவருக்குத்தான் முதலில் சொன்னேன். "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அவரும் கத்தினார். இரண்டு பேரும் போனில் ஒரே சிரிப்பு. அப்பா நாற்காலியைவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றும் ஞாயிறும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்து முடித்தேன், பூசைக்குக்கூடப் போகவில்லை. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். புதன்கிழமை கூப்பிட்டு வேலை, வீட்டிலேயே அடித்துக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே உபதேசியார் வந்தார். வந்தவர் காப்பியை ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் வீட்டில் என்றால் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எங்களில் ஜாதகம் கிடையாது. வேண்டாம் என்பதற்கு ஒரு காரணத்தை உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

"பாப்பா தங்கமான பொண்ணுதான்னு அந்தம்மாவே சொல்றாங்க. ஆனா… போன் கொஞ்சம் அதிகம்னு நினைக்கிறாங்க. நிச்சயம் ஆகுறதுக்கு முன்னாடியே இப்படிப் பேசுற பொண்ணு, நாளைக்கு எப்படியோன்னு…"

"நல்லா இருக்கே கதை!" என்று அம்மா எழுந்துவிட்டாள். "அவன் கெடுத்து வச்சிட்டுப் போனதுக்குத்தானே இவ போன் பண்ணா!" நான் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன். வேலை கிடைத்த அன்றைக்கு யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

மறுநாள் போன் வந்தது. முதல் தடவையாக அவரே பண்ணினார். லேபிலிருந்து. பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

"கேள்விப்பட்டிருப்பீங்க."

"கேள்விப்பட்டேன்."

"எனக்கு இதுல விருப்பம்தாங்க. அம்மாதான்…" அப்புறம், "மெஷின்ல இருக்கிறத எடுத்துடாதீங்க. எந்தப் பிரச்சனைன்னாலும் தயங்காம லேபுக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் கேலி என்று நினைத்திருப்பேன். அவர் நிஜமாகத்தான் சொன்னார். பூட்டுப் போட யாருக்கும் உரிமை இல்லை என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிற மனிதர், அம்மா போட்ட பூட்டுக்குப் பணிந்துவிட்டார். அப்புறம் அவர் குரல் இறங்கிவிட்டது.

"அம்மாகிட்ட எப்படிப் பேசுறதுன்னே எனக்குத் தெரியலீங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்னதான் பண்றது?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்திருக்க முடியும், அவர் எனக்கு ஸ்லாஷ் ஸ்லாஷாகச் சொல்லிக் கொடுத்த மாதிரி. தொண்டை வரைக்கும் வந்தது. காவல் நாற்காலியில் அப்பா இல்லை. சமையலறை வாசலில் அம்மாவோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே கேட்ட கேள்விங்க இது" என்றேன். "முதல்ல கையேட்டைப் படிங்க."

போனை வைத்துவிட்டு வந்து பெடலில் காலை வைத்தேன். அன்றைக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை நிறைய இருந்தது.