சின்ன வாளி சாம்பார்

கோதுமை என் குடலுக்கு ஆகாது. துளி போனாலும் பத்து நாள் படுக்கைதான். வெளியே சொன்னால் மானம் போகுமென்று மனைவியின் வாயையும் கட்டியிருந்தேன்.

வெள்ளறடையில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு மட்டும் சின்ன வாளியில் சாம்பார் வந்தது. நம் மதிப்பு அப்படி என்று நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். கை கழுவப் போனபோது சமையல் கொட்டகையில் பெருங்காய டப்பா கிடந்தது. அதில் 'கோதுமை மாவு கலந்தது' என்றிருந்தது.

"ஆம்புலன்ஸ கூப்பிடும் ஓய்! நான் போறேன்!" என்று சமையல்காரரிடம் அலறினேன்.

அவர் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எங்கயும் போவாதேயும். உமக்குப் பெருங்காயம் இடாம தனிச் சட்டியிலயாக்கும் வச்சது. உம்ம பெண்டாட்டி காலையிலேயே வந்து கெஞ்சிச் சொன்னாவ. உம்மகிட்ட சொல்லப்பிடாதுன்னும் சொன்னாவ."

எனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை அடுப்புகளுக்கு முன்னால் அவள் அப்படி நின்றிருப்பாள்?