துரை மேசை நடுவில்

கல்யாணத்துக்கு முந்திய வாரம் நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. மணப்பெண் என்றால் மஞ்சள் பூசிக்கொண்டு மூலையில் அடங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் லயத்துப் பெண்களின் சட்டம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் நிற்பேன், வாசலுக்கு இறங்குவேன், குழாயடி வரை போய்க் குடமில்லாமலே திரும்பி வருவேன்.

"ஏண்டி, கால்ல சக்கரம் கட்டிக்கிட்டா பொறந்த?" என்று அம்மா கேட்டாள்.

என் தவிப்பு மாப்பிள்ளையைப் பற்றியதல்ல. மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன், எனக்கு மச்சான். மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து பார்த்துவரும் முகம். அதில் தவிக்க என்ன இருக்கிறது? நான் தவித்ததெல்லாம் ஒரு மேசைக்காக.

இலங்கை சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய துரை வெள்ளைக்காரர்தான். தோட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் வெற்றிலைத் தட்டோடு பங்களாவுக்குப் போய் அழைப்பார்கள். தாலி கட்டி முடிந்ததும் துரை வருவார். பந்தலில் அவருக்கென்று தனியாக ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, ஒரு நாற்காலி, தட்டில் பிஸ்கட்டு, ஒரு சோடா. மேசை நடுவில் பூ. பங்களா மேசையில் எப்போதும் பூ இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்கள் சொல்லிச் சொல்லி, அது இல்லாவிட்டால் துரைக்குச் சோடா இறங்காது என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டியிருந்தார்கள். துரை கழுத்தில் ஒரு மாலையும் போடுவார்கள். மாலை கழுத்தில் இருக்கும்போது எதைக் கேட்டாலும் அவர் இல்லையென்று சொல்லமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. மாலையைக் கழற்றிவிட்டால் போயிற்று. மறுபடி தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நாங்கள் கேட்க வேண்டியது ஒரு காம்பரா, லயத்து வரிசையில் ஓர் அறை.

மாமா சில்லறைக் கங்காணி. பத்திருபது பேரை மலைக்கு ஓட்டிப் போய் வேலை வாங்குகிறவர். பேர் கங்காணியே தவிர, அவருக்கும் லயத்தில் ஒரே ஓர் அறைதான். அதில் மாமா, அத்தை, மூத்த மகன், அவன் பெண்டாட்டி, அவர்களுடைய கைக்குழந்தை, இன்னும் கல்யாணமாகாத இரண்டு பெண்பிள்ளைகள். என்னையும் மச்சானையும் குடிவைக்க அத்தை ஒரு மூலையைக் காட்டினாள். பழைய சேலை ஒன்றைக் குறுக்கே கட்டினால் போதும் என்றாள். அந்தச் சேலையைப் பார்த்த அன்றே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கீழ் லயத்துக் கடைசிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அதிலிருந்த குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. மாமா ஆபீசில் பலமுறை கேட்டுப் பார்த்தார். துரைக்கும் கங்காணிமாருக்கும் நடுவில் மலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னார்: "செவுரு விழுந்து கெடக்குப்பா. ஆள் இருக்க முடியாது." சுவர் விழவில்லை. கண்டாக்கின் மாட்டுக்கு அறுத்த புல்லும் விறகும் உள்ளே அடுக்கியிருந்தன. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை. நான் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வரும் வழியில் அந்தக் காம்பராவின் பின்பக்கமாகப் போய்ப் பலகை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். எங்கே அடுப்பு வைக்கலாம், எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கலாம் என்றெல்லாம் மனதுக்குள் குடித்தனமே நடத்திவிட்டேன்.

ஆகவே துரை மனம் குளிர வேண்டும். அதற்கு மேசை நன்றாக இருக்க வேண்டும். மேசைக்குப் பூ வேண்டும்.

பூவோ அட்டன் கடைவீதிக்குக் கீழ்நாட்டிலிருந்து ரயிலேறி வர வேண்டும். தை மாதத்தில் மல்லிகை விற்கிற விலையில் அதை முகர்ந்து பார்ப்பதற்கே யோசிக்க வேண்டும். மாரியம்மனுக்கு, எங்கள் இருவருக்கு, துரைக்கு என்று மாலைகள் வாங்கியதோடு அம்மாவின் கை வெறுங்கையானது. மேசைக்குக் காசில்லாமல் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

பங்களாத் தோட்டத்தில் பூ கொட்டிக் கிடந்தது. அங்கே வேலை செய்தவர் எங்களுக்குச் சொந்தம். நான்கு கொத்து ஒடித்துத் தரச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"தொரை வூட்டுப் பூவ திருடித் தொரைக்கே வைக்கப் போறியா? நல்லாருக்குடி ஒன் மரியாத!" என்றாள் அம்மா.

அடுத்தது ஈயத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற அந்த வெள்ளித் தாளை நட்சத்திரமாக வெட்டிக் குச்சியில் செருகினால் பளபளவென்று இருக்கும். மச்சானின் கூட்டாளி ஒருவன் பாக்டரியில் இருந்தான். ஆனால் அதுவும் தோட்டத்துச் சாமான். யோசித்துப் பார்த்தால் எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் அழகாக இருந்த எல்லாமே துரையுடையதாக இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஓடையோரத்தில் விசிறி மாதிரி விரிந்து கிடந்த பன்னையிலைகளைப் பறித்து வந்தேன். சாயங்காலத்துக்குள் சுருண்டுவிட்டன. மச்சான் வேலியோரம் வந்து நின்று ஒரு யோசனை சொன்னார். நுவரெலியாப் பக்கத்திலிருந்து வரும் கேரட்டையும் பீட்ரூட்டையும் இலையோடு கழுவித் தட்டில் அடுக்கினால் சிவப்பும் பச்சையுமாக இருக்குமாம்.

"தொரை கல்யாணத்துக்கு வர்றாரா, கறிக்கு நறுக்க வர்றாரா?" என்று கேட்டேன்.

"நீ பேசுற பேச்சுக்கு அந்தக் காம்பராவ நீயே கேட்டு வாங்கிருவ புள்ள. மேசை எதுக்கு?" என்று சிரித்தார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் கலர்க் கடதாசிதான் மிஞ்சியது. அட்டனுக்குப் போன ஓர் ஆளிடம் சொல்லி, சிவப்புக் கடதாசி வாங்கி வரச் செய்தேன். இதழ் இதழாக வெட்டி, விரலில் சுருட்டி, ஈர்க்கில் வைத்து நூலால் கட்டினேன். அதையும் உட்கார்ந்து செய்யவில்லை. இஸ்தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே கட்டினேன். ரோஜா மாதிரி இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்று நம்பலாம். பித்தளைச் செம்பில் அவற்றைச் செருகி, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் இரவல் வாங்கிய வெள்ளை விரிப்பின் மேல் முதல் நாள் சாயங்காலமே வைத்துவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று.

தை மாதப் பனி எங்கள் மலையில் மழை மாதிரி. விடிந்து பந்தலுக்குள் போய்ப் பார்த்தால், கடதாசிப் பூவெல்லாம் நனைந்து தலை தொங்கிக் கூழாகிக் கிடந்தது. சாயம் இறங்கி விரிப்பின் நடுவில் சிவப்பாக ஒரு பெரிய கறை. கோழி அறுத்த இடம் மாதிரி இருந்தது. கோயில் பக்கம் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா விரிப்பை மடித்துக் கறையை அடியில் மறைத்தாள். அப்படியும் மேசை நடு மொட்டையாக இருந்தது.

நான் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. முகத்தில் மஞ்சளோடு, கூந்தலில் எண்ணெயோடு, கீழ் லயத்துக்கு ஓடினேன். கடைசிக் காம்பராவின் பின்னால் சில தேயிலைச் செடிகள் உண்டு. குடியிருந்தவர்கள் போன பிறகு யாரும் அவற்றில் கொழுந்து கிள்ளவில்லை, கிளை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியும் படவில்லை. ஆளுயரத்துக்கு வளர்ந்து கிளைக்குக் கிளை பூத்திருந்தன. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொடி, தலை கவிழ்ந்த சின்னப் பூ. ஒவ்வொரு தடவையும் பலகை இடுக்கில் எட்டிப் பார்க்கும்போது அந்தக் கிளைகள்தான் என் தோளில் உரசும். அதுவரை அவற்றைப் பூவென்று நான் நினைத்ததே இல்லை.

யாருமே நினைத்ததில்லை. தேயிலை பூத்தால் அது எங்களுக்கு வெட்கம். செடியைக் கவனிக்காமல் விட்டால்தான் பூக்கும். கொழுந்தெடுக்கும்போது மொட்டு கண்ணில் பட்டால் கிள்ளி எறிய வேண்டும். கங்காணி கண்ணில் ஒரு பூ பட்டுவிட்டால், "பூக்க விட்டுட்டு எங்கடி பராக்குப் பாத்தீங்க?" என்று மலையே அதிரும். தலையில் வைப்பதில்லை, சாமிக்குப் போடுவதில்லை.

உலுக்கினால் இதழ் உதிர்ந்துவிடும் என்பதால் மெல்ல ஒடித்து, மடியில் ஏந்திக்கொண்டு வந்தேன். அம்மா பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! தேயிலைப் பூவா? கண்டாக்கு பாத்தா தோட்டத்துச் செடிய ஒடிச்சேன்னு ஆளையே தள்ளிருவான்! மாமா வேலையும் சேந்து போயிரும்!"

"மொட்டை மேசையில ஒக்காந்தா மட்டும் தொரை காம்பரா குடுத்துருவாரா?" என்றேன். செம்பில் வைத்தேன். பச்சை இலைக்கு நடுவில் வெள்ளைப் பூ. உண்மையாகவே அழகாக இருந்தது. மாற்ற நேரமும் இல்லை.

தாலி கட்டியது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மச்சானின் விரல் பின்கழுத்தில் குளிர்ந்தது மட்டும் தெரியும். கண் முழுக்கப் பந்தல் பக்கமே இருந்தது.

துரை வந்தார். கண்டாக்கு பின்னால் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மாமா மாலையைப் போட்டார். அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாமாவின் வாய் திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. மலையில் இருபது பெண்களை அதட்டுகிற வாய் அது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

துரை சோடாவை எடுக்கப் போனவர் கையை நிறுத்தி, பூவைத் தொட்டார். ஓர் இதழ் விரிப்பில் விழுந்தது.

"இது தேயிலைப் பூ," என்றார். துரைமார் பேசும் தமிழ்தான் அவருடையதும். கேட்டாலும் அதட்டின மாதிரி இருக்கும். "எந்த மலை?"

கண்டாக்கின் முகம் கறுத்தது. "நம்ம மலையில பூவே கெடையாதுங்க தொர. எல்லாம் ஒழுங்கா கவ்வாத்து ஆயிருக்கு. பக்கத்துத் தோட்டத்துல திருடி ஒடிச்சிருப்பாங்க."

"கங்காணி?" என்று துரை மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார்.

கல்யாணப் பெண் பந்தலில் வாய் திறப்பது வழக்கமில்லை. அதுவும் துரைக்கு முன்னால். அம்மா பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். திருடி என்ற சொல் காதில் விழுந்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"திருடலீங்க தொர. மலையிலயும் இல்லீங்க. கீழ் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால பூத்திருக்குங்க. ஆளில்லாத காம்பரா. ஆள் இருந்தா நாங்க பூக்க விட்டிருப்பமாங்க?"

துரை கண்டாக்கின் பக்கம் திரும்பினார். "செவுரு விழுந்துச்சின்னு நீ சொன்னது?"

"ஒரு பக்கந்தாங்க தொர... மழைக்கு ஒழுகும்..."

"கண்டாக்கையா மாட்டுப் புல்லு நனையாமத்தாங்க இருக்கு," என்றேன்.

பந்தலின் ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். துரை சிரிக்கவில்லை. சோடாவைக் குடித்தார். பிறகு கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. மாலை இறங்கிவிட்டது, யாரும் எதுவும் கேட்கவில்லை, நான் வாயாடியதுதான் மிச்சம் என்று நினைத்தேன். மச்சானின் கை என் கையைப் பிடித்திருந்தது. இருவர் கையும் வேர்த்திருந்தது.

பந்தல் வாசலில் துரை நின்று மச்சானைக் கைகாட்டி அழைத்தார். "அந்தப் பூ எல்லாம் வெட்டணும். ஒரு வாரத்துல. அங்க குடியிருக்கிற ஆள்தான் வெட்டணும். நாளைக்குச் சாவி ஆபீஸ்ல வாங்கு."

நான்கைந்து நாளில் கண்டாக்கின் ஆட்கள் புல்லையும் விறகையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஒரு பாய், இரண்டு சட்டி, ஒரு குடம், அந்தப் பித்தளைச் செம்பு, இவற்றோடு குடிபோனோம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் உப்பும் அரிசியும் அவள்தான் முதலில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே மாட்டுத்தொழுவ வாடை அடித்தது. கதவைத் திறந்து வைத்தேன். மச்சான் கத்தியோடு பின்பக்கம் போனார். துரை சொன்ன வேலையை முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்டாக்கு விடமாட்டார்.

நான் கூட்டினேன். அடுப்புக்குக் கல் வைத்தேன். கஞ்சி காய்ச்சி இறக்கினேன். பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. மெழுகாத தரையில், நட்டநடுவில், காலை நீட்டி உட்கார்ந்தேன். குறுக்கே சேலை இல்லை. நான்கு சுவரும் தெரிந்தன. பின்னால் கத்தி கிளையில் விழும் சத்தம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

சத்தம் நின்றது. மச்சான் ஒரு சின்னக் கிளையோடு உள்ளே வந்தார். நான்கைந்து பூ இருந்தது.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். எங்க வைக்க?"

எங்களிடம் மேசை இல்லை. நான் செம்பில் தண்ணீர் ஊற்றி, எனக்கு முன்னால் தரையைக் காட்டினேன்.

"இப்பிடி நடுவுல வைங்க," என்றேன்.

வைத்தார். எதிரே உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம்.